மீனுவின் பல்லும் எங்கள் சாக்லேட்டும்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்க்க நம் அலுவலகத்துக்கு வந்தபோது, நீங்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். மேஜை மேல் திறந்து கிடந்த உங்கள் பைகளை எட்டிப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் என் கண் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், சார்ஜர், அடையாள அட்டை, குடை. அதோடு எல்லாருடைய பையிலும் தவறாமல் ஒரு சாக்லேட் பாக்கெட். குழந்தையைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று உங்களுக்கும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பத்தாவதோடு நின்றவள். இந்த வேலைக்கு என்று எதையும் படித்ததில்லை. போய்ப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, பேசிப் பேசிக் கற்றுக்கொண்டது. ஜனங்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்வது எனக்கு ஒரு தீராத பழக்கம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "அவ நல்லவதான். ஆனா அது அவளுக்கே தெரிய மாட்டேங்குது." வளர்ப்புப் பெற்றோர்களைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் தெருவில் கேட்டவர்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, விடுதியில் போடாமல் ஒரு குடும்பத்தில் விடுவது. தத்து இல்லை. பிள்ளை அவர்களுக்குச் சொந்தம் இல்லை. நாம் மாதா மாதம் போய்ப் பார்ப்போம். சரியில்லை என்று நாம் எழுதினால், குழந்தைகள் நலக் குழு பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சுருக்கமாக, சோறு ஊட்டுவது அவர்கள், மார்க் போடுவது நாம்.

மீனு அப்படி ஒரு வீட்டுக்குப் போன பிள்ளை. பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றவில்லை. ஐந்து வயது நிரம்பாத பெண். அப்பா எங்கே என்று தெரியாது. அம்மாவுக்கு நீண்ட நாள் வைத்தியம், எப்போது முடியும் என்று டாக்டர்களுக்கே தெரியாது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிச் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஏழுமலை, காஞ்சனா என்ற தம்பதியிடம் பிள்ளையை விட்டோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மீனு போன நாளில் காஞ்சனா கடையைச் சாத்திவிட்டாள். அடுத்த நாள் பௌர்ணமி. பௌர்ணமிக்கு முந்தின நாள் கடை சாத்துகிறவள் அந்தப் பாதையில் வேறு யாரும் இருக்க முடியாது.

பிள்ளையை ஒப்படைக்கும்போது நாங்கள் சில அறிவுரைகள் சொல்வோம். அப்போதெல்லாம் சொன்னது இதுதான்: "புது இடம், ஏங்கிடும். கொஞ்ச நாளைக்குக் கேட்டதைக் குடுங்க. அதட்டாதீங்க." எவ்வளவு கனிவான வார்த்தை. கேட்டது என்ன தெரியுமா? தூங்குவதற்குப் பால் பாட்டில், அதில் இரண்டு கரண்டி சர்க்கரை. முன்னே இருந்த இடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவாள். பகலில் கடை. கடை என்றால் என்ன கடை? கடலை மிட்டாய், தேன் மிட்டாய், சாக்லேட் ஜாடிகள். அது போதாது என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்கள். வழியில் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்துவிட்டு அதன் கையில் எதையாவது திணிக்காமல் போனால் அவர்களுக்கு நடந்த புண்ணியம் பாதிதான் கிடைக்கும் போலிருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்க வந்தவர், மீனுவின் கடையிலேயே சாக்லேட் வாங்கி மீனுவுக்கே கொடுத்துவிட்டுப் போவார். ஏழுமலைக்கு வியாபாரம், அவருக்குப் புண்ணியம், மீனுவுக்குச் சொத்தை.

இதற்கெல்லாம் மேலே நாங்கள். அப்போது அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் ஒருங்கிணைப்பாளரே நேரில் போய் வந்துகொண்டிருந்தார். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். வெளியூர்க்காரர், பெரிய படிப்பு, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய சாக்லேட்டோடு போவார். குழந்தையிடம் நீட்டுவார், "சிரி பாப்பா" என்பார், போட்டோ எடுப்பார். சிரித்த குழந்தை என்றால் வீடு நல்ல வீடு. ரொம்ப எளிமையான சோதனை. அரிசி வெந்ததா என்று பார்க்கக்கூட இதைவிட நேரமாகும்.

மீனு முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அதன் பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் எழுதினார்: "உள்ளுக்குள் உறைந்துபோன குழந்தை." என்ன அழகான தமிழ். அடுத்து, "உணவை மறுக்கிறாள், எடை குறைந்திருக்கிறாள், வளர்ப்புத் தாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள், வாயைத் திறக்கப் பயப்படுகிறாள்." எல்லாம் நிஜம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கண்ணால் கண்டதை அப்படியே எழுதி, தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதைப் படிக்கலாம்.

கூட்டத்தில் அதை வாசித்தார். மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம். நானும் தலையை ஆட்டினேன். மறு ஏற்பாடு ஆகும்வரை பிள்ளையை விடுதியில் வைக்கலாம் என்று குழுவிடம் தற்காலிக உத்தரவும் வாங்கியாயிற்று. கூட்டிக்கொண்டு வர ஒரு பெண் வேண்டும். என்னைப் போகச் சொன்னார்.

எந்த நாள்? பௌர்ணமி அன்று. இந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்க்காதவன்கூடப் பௌர்ணமி பார்க்காமல் வெளியே கிளம்ப மாட்டான். எங்கள் ஒருங்கிணைப்பாளர் பிள்ளையின் மனசைப் பார்த்தார், காலண்டரைப் பார்க்கவில்லை. தடுப்புக் கட்டையோடு கார் நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கி இந்த ஊர்ல நடக்கறவன்தான் போய்ச் சேருவான் மேடம். ஓட்டறவன் நிப்பான்." இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பக்கத்தில் எல்லாரும் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் ஒருத்தி வீட்டுப் பிள்ளையைப் பிடுங்க நடந்துகொண்டிருந்தேன்.

கடையில் நல்ல வியாபாரம். பக்கத்தில் பூ கட்டி விற்கும் அம்மா, பேர் குப்பம்மாள், என் கழுத்து அட்டையைப் பார்த்ததுமே குரல் கொடுத்தாள். "காஞ்சனா, ஒன் மாமியார் வூட்டு ஆளுங்க வந்துக்கினு கீறாங்க பாரு." எங்களுக்கு அந்தத் தெருவில் அதுதான் பேர். வருவோம், குறை சொல்வோம், போவோம்.

காஞ்சனா என்னைக் கடைக்குப் பின்னால் அறைக்குள் கூப்பிட்டாள். ஏழுமலை கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். விஷயத்தைச் சொன்னேன். இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்ல நல்ல விதம் என்று ஒன்று கிடையாது. அப்படி இருப்பதாக யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் சொல்லிப் பார்க்காதவர்கள்.

காஞ்சனா அழவில்லை. "நாங்க இன்னா கொற வெச்சோம், மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"புள்ள சாப்பிடலை, சிரிக்கலை, பேசலைன்னு எழுதியிருக்காங்கம்மா."

"பேசறாளே. ராத்திரியெல்லாம் எங்கிட்ட பேசிக்கினேதான் கீறா."

"எங்ககிட்ட பேசலையே."

மீனு காஞ்சனாவின் புடவைக்குப் பின்னால் நின்றிருந்தாள். வழக்கம் போல வாயில் கை. நான் குனிந்து அவளைக் கூப்பிட்டபோதுதான் அந்த வாசனை வந்தது. கிராம்பு. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தால் வருமே, அந்த வாசனை.

"யாருக்குப் பல்லு வலி?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றாள் காஞ்சனா. "எனக்குத்தான்" என்றான் ஏழுமலை. ஒரே நேரத்தில். சொல்லிவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பல்லு வலியா?"

"ஒரே சோறுதானே மேடம் துன்றோம்" என்றான் ஏழுமலை. பாவம், அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

நான் காஞ்சனாவைப் பார்த்து, "காட்டும்மா" என்றேன். அவள் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, கையை மெதுவாக விலக்கினாள். வலது கன்னம் வீங்கியிருந்தது. உடம்பு சுட்டது. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து, தேய்ந்து, வெறும் முளைகளாக நின்றன. கீழே வலது பக்கம் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி, அதன் அடியில் ஈறு சிவந்து உப்பியிருந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை மாதா மாதம் எங்களுக்காகச் சிரிக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா சொல்லலை?"

"காட்டினா, புள்ளைய சரியா பாத்துக்கலைன்னு தூக்கிக்கினு பூடுவீங்கன்னுதான். ஆபீஸ்காரங்க வந்தா வாயத் தெறக்காதடின்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"நீ வாயைத் திறக்க விடாததாலதான் தூக்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அம்மாவா என்று கேட்டிருக்கிறார். வளர்க்கிறவங்க என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் பொறுப்பானவர்களிடம் கடிதம் வாங்கி வாருங்கள், பல்லைப் பிடுங்கிவிட்டு நாளைக்கு வம்பு வரக் கூடாது என்று மருந்து மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கடிதம் வாங்க எங்களிடம் வர வேண்டும். எங்களிடம் வந்தால் பல்லைக் காட்ட வேண்டும். காட்டினால் பிள்ளை போய்விடும். கதவைத் திறக்கும் சாவி அந்த அறைக்குள்ளேயே இருந்தால் ஒரு ஆள் என்ன செய்வாள்? கிராம்பு எண்ணெய் வாங்குவாள்.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். விவரம் கேட்டார். பதறித்தான் போனார். பிறகு அவருடைய படிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, முதல்ல பாப்பாவை ஹோமுக்குக் கொண்டு வந்துடுங்க. உத்தரவு அதுதான். காலைல அங்க டாக்டர் வருவாரு, பார்த்துக்கலாம்."

"சுரம் அடிக்குது சார். கன்னம் வீங்கியிருக்கு."

"புரியுது. ஆனா இப்ப அவங்களோட ஆஸ்பத்திரிக்குப் போனா, நாம எழுதினதுக்கு நாமளே எதிரா போற மாதிரி ஆயிடும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் ஒருநாள் இங்கே வந்து நிற்பீர்கள். பையில் உத்தரவு இருக்கும். எதிரில் பிள்ளை இருக்கும். இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். வெளியே ஜனங்கள் தண்ணீர் பாட்டில் கேட்டுக் கத்துவார்கள்.

எனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது. மறைத்தவள் மறைத்தவள்தானே? நிஜமாகவே கவனிக்காமல் விட்டுவிட்டு இப்போது அழுகிறாளோ? அழுகையை நம்பி முடிவெடுத்தவர்கள் எங்கள் வேலையில் பல பேர் அனுபவித்திருக்கிறார்கள். அதனால் அழுகையை விட்டுவிட்டு அறையைப் பார்த்தேன். அடுப்பு மேடையில் ஒரு டம்ளரில் சோற்றை மையாக மசித்து, வடிகட்டி, கஞ்சியாக வைத்திருந்தது. பக்கத்தில் சின்ன ஸ்பூன். பிள்ளைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. அதெல்லாம்கூட நான் வருகிறேன் என்று செய்து வைக்கலாம். ஒன்றை மட்டும் செய்து வைக்க முடியாது. மீனு ஒளிந்து நின்றாள் இல்லையா? யாரைப் பார்த்து ஒளிந்தாள்? என்னைப் பார்த்து. யார் பின்னால் ஒளிந்தாள்? காஞ்சனா பின்னால். மிரட்டுகிறவள் புடவைக்குள் எந்தப் பிள்ளையும் போய்ப் புகுந்துகொள்ளாது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் குழந்தை ஒளிவதை எழுதினார். எந்தப் பக்கம் ஒளிகிறது என்று எழுதவில்லை.

"சார், நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவங்களும் வர்றாங்க. உத்தரவு பையிலேயே இருக்கு, எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பயம் இல்லாமல் இல்லை. அந்த வேலை போயிருந்தால் வேறு வேலை எனக்கு யார் கொடுப்பார்கள்?

அடுத்த போன் குழுத் தலைவி அம்மாவுக்கு. அவருக்கு நேரடியாகப் போன் செய்யும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அவர் ஏதோ மலை உச்சியில் இருப்பவர் போல, எல்லாம் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம். வைத்தியத்துக்கு அனுமதி வேண்டும் என்றேன்.

"குடுத்தேன். டாக்டர்கிட்ட போனைக் குடுங்க, நானே பேசறேன். கடிதம் காலைல அனுப்பறேன். ஏம்மா, இதுக்குப் போயி இத்தனை நாள் ஏன் காத்திருந்தீங்க?"

"உங்ககிட்ட யாரும் கேக்கலைம்மா."

"எனக்கும் யாரும் சொல்லலையே" என்றார். பாருங்கள், ஒரு பிள்ளையின் வாயில் சீழ் கட்டுவதற்குக் கெட்டவர்கள் யாரும் தேவையில்லை. ஒருத்தர் கேட்காமலும், இன்னொருத்தர் சொல்லாமலும் இருந்தாலே போதும்.

ஏழுமலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். கடையைக் குப்பம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மலை சுற்றுகிற கூட்டம் ஒரு பக்கம் வர, நாங்கள் அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தோம். "இந்தப் பக்கம் சுத்தக் கூடாதும்மா" என்று ஒரு பெரியவர் எங்களுக்குப் பக்தி சொல்லிக்கொடுத்தார். அப்படியும் இரண்டு பேர் மீனு கையில் சாக்லேட் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் ஒரு லேடி டாக்டர். வாயைப் பார்த்தார். தலைவி அம்மாவிடம் போனில் பேசினார். சீழை வெளியேற்ற வேண்டும், மருந்து கொடுத்து வீக்கம் அடங்கின பிறகு சில பற்களை எடுக்க வேண்டும், மற்றதை அடைக்கலாம் என்றார். பிறகு எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"யாரு இந்தப் புள்ளைக்கு சாக்லேட் குடுக்கறது?"

காஞ்சனா தரையைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஏழுமலைதான் நேர்மையாகச் சொன்னான். "சாமி கும்பிட வர்றவங்க, டாக்டரம்மா. பொறந்த நாள் கொண்டாடறவங்க. ஓட்டு கேக்க வந்தவங்க. அப்பறம் இவங்க ஆபீஸ்லேந்து வர்றவங்க. அவங்க குடுக்கறதுதான் பெருசு."

"வீட்ல?"

"ராத்திரி பால் பாட்டில்" என்றாள் காஞ்சனா. "சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா. கம்மி பண்ணா தூங்க மாட்டா."

"பல்லு யாரு தேய்க்கறது?"

"அவளேதான்."

"தானா ஜடை பின்னிக்குவாளா?"

"மாட்டா."

"அப்ப பல்லு மட்டும் எப்படித் தானா தேய்ப்பா? பெரியவங்கதாம்மா தேச்சு விடணும், காலைல ஒரு தடவை, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. தேச்சப்பறம் தண்ணி மட்டும்தான்."

"பால் பல்லுதானே, வுழுந்துடும்னு சொன்னாங்க" என்றான் ஏழுமலை.

"தானா விழறதுக்கு இன்னும் வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் புள்ள எதால மெல்லும்? உங்க பல்லைக் கடன் குடுப்பீங்களா?"

காஞ்சனா மெல்லச் சொன்னாள்: "தேச்சு விட்டேன் டாக்டரம்மா, மொதல்ல. பிரஷ்ஷைக் கண்டாலே கத்துவா. தெருவே கூடிடும். பெத்தவளா இருந்தா இப்பிடி கொழந்தைய அழ வுடுவாளான்னு குப்பம்மா கேட்டுச்சு. யாருனா போன் பண்ணிட்டா? அதட்டக் கூடாதுன்னு இவங்களும் சொல்லிட்டாங்க. அதான் வுட்டுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என்னால் மறுபடியும் மின்விசிறிக்குப் போக முடியவில்லை.

இதைத்தான் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற தாய் பிள்ளையைக் கதற விட்டுப் பல் தேய்த்தால், அது வளர்ப்பு. வளர்ப்புத் தாய் அதையே செய்தால், அது புகார். அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அழ வைக்கும் உரிமையை மட்டும் நாம் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம். ஊசி போட, கசப்பு மருந்து கொடுக்க, பல் தேய்க்க, மிட்டாய் ஜாடியை மேலே தூக்கி வைக்க, எல்லாவற்றுக்கும் பிள்ளை கொஞ்சம் அழத்தான் வேண்டியிருக்கிறது. அழவே அழாத பிள்ளை வேண்டும் என்றால் போட்டோவில்தான் கிடைக்கும்.

சில நாள் கழித்துக் குழு கூடியது. அதற்குள் பற்களை எடுத்திருந்தார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் தயாராக வந்திருந்தார். மிரட்டல் என்ற காரணம் போய்விட்டது அல்லவா? புதுக் காரணம் கொண்டு வந்திருந்தார்: பல்லைக் கவனிக்காதது அலட்சியம், அதை மறைத்தது அதைவிடப் பெரிய அலட்சியம், ஆகவே பிள்ளையை எடுத்துவிட வேண்டும். அதே முடிவு, வேறு காரணம். சில பேருக்கு முடிவுதான் முதலில் வரும், காரணம் பின்னாலேயே அடுத்த பஸ் பிடித்து வரும்.

காஞ்சனா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மீனு.

தலைவி அம்மா ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்: "நீங்க மாசா மாசம் போனீங்க, இல்லையா?"

"தவறாம போயிருக்கேன் மேடம்."

"வாய்க்குள்ள பார்த்தீங்களா?"

"குழந்தை வாயைத் திறக்கவே இல்லை மேடம்."

"திறக்கச் சொன்னீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சிரிக்கச் சொன்னோம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கு நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப அலட்சியம்னு எழுதணும்னா ரெண்டு பேர் பேர்ல எழுதணும்" என்றார் தலைவி அம்மா. "இந்தம்மா பயந்து மறைச்சாங்க, தப்புதான். நீங்க பயப்படாமலேயே பார்க்காம விட்டீங்க. உங்களை நான் எந்த ஹோம்ல கொண்டு போய் வைக்கறது?"

ஒருங்கிணைப்பாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. சரி மேடம் என்றார். அடுத்த மாதத்திலிருந்து வீடுகளைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அவர்தான் விதி போட்டார். வளர்ப்புப் பெற்றோர் கையில் பிள்ளையைக் கொடுக்கும் அன்றைக்கே வைத்தியத்துக்கான அனுமதிக் கடிதமும் கொடுக்க வேண்டும் என்று அலைந்து வாங்கியதும் அவர்தான். தப்பை ஒத்துக்கொள்ளும் ஆள் கிடைப்பது அபூர்வம். ஒத்துக்கொண்டுவிட்டு வேலையும் செய்கிற ஆள் இன்னும் அபூர்வம். சாக்லேட்டை மட்டும் நிறுத்த அவருக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. வெள்ளரிக்காய் கொண்டு போனார். பிள்ளைகள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் உள்ளுக்குள் உறைந்துபோன பார்வை என்பார்கள்.

மீனு காஞ்சனாவிடமே இருக்கலாம் என்று குழு சொன்னது. ஒரு நிபந்தனை: காலையும் இரவும் காஞ்சனாதான் பல் தேய்த்துவிட வேண்டும், பாட்டில் கூடாது. "அழுவாளே, மேடம்" என்றாள் காஞ்சனா. "அழட்டும்" என்றார் தலைவி அம்மா. அந்த ஒரு வார்த்தைக்காகக் காஞ்சனா எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உத்தரவை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடி அண்ணாமலைப் பக்கத்தை அதன் பிறகு எனக்கே கொடுத்துவிட்டார்கள். முதல் தடவையாக ஒரு காலையில் போனேன். சொல்லாமல்தான் போனேன். தெரு முனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. தொண்டை கிழியும் அலறல். கடைக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே தரையில் காஞ்சனா சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீனுவின் தலையை மடியில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் நுரை. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு முன்பல் இல்லாத வாயால் தெருவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காஞ்சனா என்னைப் பார்த்தாள். கை ஒரு நொடி நின்றது.

குப்பம்மாள் பூக்கூடையை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"ஆபீஸ்காரம்மாதானே நீ? கொழந்தை இந்தக் கத்து கத்துது, பாத்துக்கினு நிக்கறியே, இன்னா ஏதுன்னு கேக்க மாட்டியா?"

கேட்டேன்.

"காஞ்சனா, பின்னாடி கடவாப் பல்லு தேச்சாச்சா?"